வாசிப்பு மாதத்தில் சித்திரக்கதைகளுக்கும் ஒரு நாள்: வன்னியின் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பொது நூலகங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படும்போது உங்கள் நூலகங்களில் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் சித்திரப் போட்டியும் நடைபெறுகின்றன. பரிசளிப்பு நாளில் மங்கல விளக்கேற்றி, வாசிப்பின் பயன் பற்றிப் பெரியோர் உரையாற்றுகின்றனர். அவற்றில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அந்த மாதத்தில் ஒரேயொரு நாளைச் சித்திரக்கதை வாசகர்களுக்கு, அதாவது காமிக்ஸ் படிப்பவர்களுக்கும் அதை வரைய முயல்பவர்களுக்கும், ஒதுக்கித் தரவேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். இது வெளியூரிலிருந்து இறக்குமதி செய்யும் யோசனை அன்று. சமாதான காலத்தில், 2003ஆம் ஆண்டின் ஓகஸ்ட் விடுமுறையில், கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் அப்படியொரு நாள் நடந்தது. அதில் நானும் இருந்தேன்.

அந்த நாளின் பெறுமதி விளங்க வேண்டுமானால், அதற்கு முந்திய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வன்னியில் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் எப்படிப் பிழைத்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் அதே ஊரிலிருந்து வந்த லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய ராணி காமிக்ஸ் ஆகியவை கடல் கடந்து கொழும்புக்கும் அங்கிருந்து வடக்குக்கும் வந்துகொண்டிருந்தன. 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, மண்ணெண்ணெயும் பற்றரியுமே அருந்தலாகிவிட்ட ஊருக்குள் புதிய காமிக்ஸ் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. இருந்தவற்றையே திரும்பத் திரும்பப் படித்தோம். 1995இன் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது உடுப்புப் பைகளின் அடியில் சில புத்தகங்களும் வந்து சேர்ந்தன. அரிசி கட்டவேண்டிய இடத்தில் இவற்றைக் கட்டியதற்காகத் தாய்மாரிடம் ஏச்சு வாங்கிய பிள்ளைகள் கொண்டுவந்தவை அவை.

ஒரு புத்தகம் பல வீடுகள் சுற்றி வரும்போது முதலில் போவது மேலட்டை. அடுத்துப் போவது கடைசித் தாள். நடுவில் குத்தியிருக்கும் கம்பி மாரி மழையில் துருப்பிடித்து, தாள்தோறும் இரண்டு மண்ணிறப் பொட்டுகளைப் பதித்துவிட்டுக் கழன்றுபோகும். அப்போது கம்பியை எடுத்துவிட்டுச் சாக்கு ஊசியில் நூல் கோத்துத் தைத்து, கோதுமை மாவைக் காய்ச்சிய பசையால் சீமெந்துப் பையின் கடதாசியை அட்டையாக ஒட்டுவோம். கையெழுத்து அழகாக உள்ள யாராவது ஒருவர் அதன்மேல் கதையின் பெயரை எழுதிக் கொடுப்பார். படிப்பது ஜாம் போத்தல் விளக்கில். இரும்புக்கை மாயாவியின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர்ந்த மற்றெல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடும் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1962இல் இங்கிலாந்தின் வாலியண்ட் வார இதழில் தோன்றிய அந்த மனிதர் மின்சாரமே இல்லாத வன்னிக்கு வந்தால் என்ன செய்வார் என்பது எங்களுக்குள் தீராத பகிடி.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ9 வீதி திறந்து, வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சனம் போய்வரத் தொடங்கிய பிறகு, பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பிடித்த பிரதிகள் ஒவ்வொன்றாக ஊருக்குள் வந்தன. யாரிடம் எது இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. அதற்காகத்தான் வாசிகசாலைப் பொடியன்கள் வாசலில் இருந்த கரும்பலகையில், படக்கதைப் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தால் மாற்றிப் படிக்கலாம் என்று எழுதிப் போட்டார்கள். விழா, மாநாடு என்றெல்லாம் எவரும் பெயர் வைக்கவில்லை. பக்கத்துப் பாடசாலையில் வாங்குகள் இரவல் வாங்கப்பட்டன. கிடுகுக் கூரைக்கு முன்னால் தறப்பாள் ஒன்றை இழுத்துக் கட்டிப் பந்தல் போட்டார்கள். வருவது ஊர்ப் பிள்ளைகள் மட்டுமே என்றுதான் நினைத்தார்கள். காலை பத்து மணிக்குள் பரந்தனிலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் சைக்கிள்கள் வந்து நின்றன. மத்தியானத்துக்குள் மல்லாவியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். செய்தி எப்படி அவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு விடை மினிபஸ் நடத்துநர்களிடம்தான் இருந்திருக்க வேண்டும்.

வவுனியாவிலிருந்து ஓர் அண்ணர் உரப்பை நிறையப் புத்தகங்களோடு வந்திருந்தார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார்களாம். சோதித்த இளம் சிப்பாய் முதலில் ஏதோ சந்தேகத்தோடு தாள்களைப் புரட்டத் தொடங்கி, பிறகு கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் குதிரைச் சண்டை ஒன்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாராம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஏசியதெல்லாம் புத்தகக்காரருக்குத்தான் விழுந்தது. எழுபதுகளில் சிங்களத்தில் சித்திரக்கதைப் பத்திரிகைகள் எவ்வளவு செழிப்பாக ஓடின என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எங்களுக்கோ அன்று அது பெரிய புதினமாக இருந்தது.

மாற்றுவதற்கு விதிகள் உடனுக்குடன் உண்டாயின. முழுப் புத்தகத்துக்கு முழுப் புத்தகம். அட்டை இல்லாதவை இரண்டு கொடுத்தால் அட்டையுள்ளது ஒன்று. தைத்து ஒட்டியது நன்றாக இருந்தால் அது முழுப் புத்தகமாகவே கணிக்கப்படும், ஏனென்றால் அதில் ஒருவரின் உழைப்பு இருக்கிறது. இந்தக் கடைசி விதியைச் சொன்னது ஒரு தையற்காரர் என்பதையும் இங்கே பதிய வேண்டும். லயன் பிரதிக்கு ராணி பிரதி சமமா என்பதில் மட்டும் மாலை வரை முடிவு வரவில்லை. ராணியின் ஜேம்ஸ் பாண்டுக்காக ஒரு கட்சியும், லயனின் ஸ்பைடருக்கும் ஆர்ச்சிக்கும் இணையில்லை என்று ஒரு கட்சியும் வாதாடின. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த இரண்டு சகோதரிகள், லயனின் முதல் இதழே சாகச நாயகி மாடஸ்டியின் கதைதானே, அதை ஏன் ஒருவரும் பேசுகிறீர்கள் இல்லை என்று கேட்டு இரு கட்சியையும் வாயடைக்க வைத்தார்கள்.

ஆனால் அன்றைக்கு மிகவும் சனம் கூடியது மாற்றும் மேசையைச் சுற்றியல்ல. வேப்பமரத்தின் கீழே இருந்த ஒரு வாங்கில், கடைசித் தாள் இல்லாத புத்தகம் வைத்திருந்தவர்கள் தாமாகவே ஒன்றுசேர்ந்திருந்தார்கள். ஒருவர் தன்னுடைய புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, இதன் முடிவு தெரிந்தவர் உண்டா என்று கேட்பார். தெரிந்தவர் எழுந்து சொல்வார். சிலருக்குக் கட்டம் கட்டமாக நினைவிருந்தது: மேலே இடது பக்கத்தில் வில்லன் ஓடுகிறான், கீழே அணைக்கட்டு உடைகிறது, அடுத்த பக்கத்தில் மாயாவி தண்ணீருக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே நீட்டுகிறான் என்று, தாளே முன்னால் இருப்பதுபோல விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார்கள். ஒரு கதைக்கு மூன்று பேர் மூன்று முடிவு சொன்னார்கள். அவற்றில் ஒன்றையாவது சொன்னவரே கட்டியிருக்க வேண்டும். எது சரியென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் கட்டியதாக நான் சந்தேகிக்கும் முடிவுதான் மூன்றிலும் சிறந்தது. பல ஆண்டுகளாக முடிவு தெரியாமல் ஒரு கதையைச் சுமந்து திரிந்த ஒரு மனிதர், நடுவயதுக்காரர், கூட்டுறவுக் கடையில் வேலை செய்தவர், தன் கதையின் முடிவைக் கேட்டதும், இவ்வளவுதானா என்று சலித்துக்கொண்டு போய்த் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் ஒருவரைப் பொடியன்கள் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். அவர் காமிக்ஸ் படிப்பவரல்லர். ஆனால் ஒரு கையை எப்படி வரைவது என்று கேட்டபோது, கரும்பலகையில் முதலில் ஒரு பெட்டி, அதிலிருந்து நான்கு உருளை, பிறகு மூட்டுகள் என்று போட்டுக் காட்டி, ஐந்து நிமிடத்தில் இரும்புக்கையைப் பலகையில் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் பழைய சோதனைத் தாள்களின் மறுபக்கத்தில் அதைப் பார்த்து வரைந்தார்கள். பின்னேரம் ஒரு சிறுவன், ஆறாம் ஏழாம் வகுப்புப் படித்திருப்பான், முன்பே வீட்டில் வரைந்து வைத்திருந்த கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். இரும்புக்கை மாயாவி வன்னிக்கு வருகிறார். மின்சாரம் இல்லை. ஆகவே ஒரு பிள்ளை சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவின் வயரை மாயாவி பிடித்துக்கொள்கிறார், உடல் மறைகிறது. தடையின் காலத்தில் நாங்கள் றேடியோ கேட்டது அப்படித்தான் என்பதால் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மறைந்த மாயாவி வெளிக் காணிகளுக்குள் போய், இரும்புக் கையால் மிதிவெடிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பி எடுக்கிறார். பிள்ளைக்குக் கை உளைந்து சுற்றுவதை நிறுத்தும் போதெல்லாம் மாயாவி பாதி உடம்போடு காணிக்குள் தெரிகிறார். அப்போது வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் பள்ளிக்கூடப் பாதை ஓரங்களில் நின்றன. கொப்பி கைமாறிக் கைமாறிப் போய், பெயர்ப்பலகை ஓவியரிடம் வந்தபோது அவர் அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, சைக்கிள் சில்லின் கம்பிகள் மட்டும் பிழை, மற்றதெல்லாம் சரி என்றார். அந்தக் கொப்பியை மாற்றக் கேட்டு முழு லயன் பிரதிகளோடு இரண்டு பேர் நின்றார்கள். அவன் கொடுக்கவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையின் இதழ்க் கட்டொன்றைச் சேலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சுந்தர் என்று ஊரறிந்த சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் அதில் இருந்தார்கள். இது கேலிச்சித்திரம், காமிக்ஸ் அல்ல என்று இளையவர் ஒருவர் சொன்னதற்கு, ஆசிரியர் கோபிக்காமல், தம்பி, மாட்டு வண்டியில் போகிற எங்கடை ஆளொருவர் உன்ரை புத்தகத்தில் எங்கே இருக்கிறார் காட்டு என்றார். அங்கே அதற்கு மறுமொழி இருக்கவில்லை. அந்தச் சிறுவனின் கொப்பி அப்போது இன்னும் வெளியே வந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 2006 ஓகஸ்ட்டில் ஏ9 மூடப்பட்டது. 2009 மே மாதத்துக்குள் அந்த வாசிகசாலையும் வேப்பமரமும் வாங்குகளும் இல்லாமல் போயின. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது எங்களிடம் புத்தகம் எதுவும் இருக்கவில்லை. ஆட்களில் எல்லோரும் திரும்பவில்லை. அதைப் பற்றி எழுத இந்த மடல் இடமன்று.

இப்போது வன்னியில் காமிக்ஸ் படிப்பவர்கள் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோனாலும், லயனும் முத்துவும் நடுவில் தளர்ந்து, 2012 முதல் நல்ல தாளில் வண்ணத்தோடு மீண்டும் வருகின்றன; வெளிநாட்டு உறவினர்களும் இந்தியா போய்வருவோரும் அவற்றை இங்கே கொண்டுவருகிறார்கள். அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் மாணவர்கள் யப்பானிய மங்காவைத் தொலைபேசியில் படிக்கிறார்கள். 2015 முதல் கொழும்பில் லங்கா கொமிக் கொன் என்ற பெயரில் பெரிய விழா நடக்கிறது; சென்னையிலும் 2024இல் அவ்வாறானதொன்று தொடங்கியது. அவை வேடமணிதலும் விளையாட்டுப் பொருட்களும் நுழைவுச் சீட்டும் கொண்ட விழாக்கள். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விசுவமடுவிலிருந்து ஒரு பிள்ளை இரவு முழுவதும் பயணம் செய்து கொழும்புக்குப் போய் அதைப் பார்ப்பது எல்லாப் பெற்றோருக்கும் முடிகிற காரியமா? தவிரவும், இன்று உலகப் புகழ் பெற்றுள்ளவையும் சிறியனவாகவே பிறந்தன. சன் டியாகோ விழா 1970 மார்ச்சில் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் மண்டபத்தில் ஒருநாள் சந்திப்பாகத்தான் தொடங்கியது. டோக்கியோவின் கொமிக்கெட் 1975 டிசம்பரில் 32 குழுக்களோடும் ஏறத்தாழ 700 பேரோடும் தொடங்கியது. தாமே வரைந்து தாமே அச்சிட்டவர்கள் மேசை போட்டு விற்கும் சந்தை அது. எங்களுடைய கொப்பிப் பையன் அங்கே பிறந்திருந்தால் அவனுக்கும் ஒரு மேசை கிடைத்திருக்கும்.

ஒரு மனக்குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த சித்திரக்கதைப் புத்தகங்கள், பதிவேட்டில் ஏற்றப்படாமல் சிறுவர் பகுதியின் மூலையில் குவிந்து கிடந்து, பிறகு கிழிந்த புத்தகங்களோடு சேர்த்துக் கழிக்கப்பட்டன. எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. காமிக்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமையால் வந்த வினை. ஆனால் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க நீங்கள் கையாளும் தூயி பகுப்பு முறையிலேயே அதற்கு 741.5 என்ற இடம் இருக்கிறது. அந்த எண்ணை முதுகில் ஒட்டி, பெரியவர் பகுதியிலேயே ஒரு தட்டில் நிறுத்தினால் போதும்.

படம் பார்ப்பது வாசிப்பாகுமா என்று கேட்கும் பெரியவர்கள் உங்கள் சபைகளிலும் இருப்பார்கள். வேப்பமரத்தடியில் கட்டம் கட்டமாக முடிவு சொன்னவர்களை அவர்கள் கேட்டிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திராது என்பது என் எண்ணம். இன்னொரு ஐயம் அதைவிட நியாயமானது: இந்தக் கதைகளில் துப்பாக்கியும் சண்டையும் நிறைய, இங்குள்ள பிள்ளைகளுக்கு அது தேவைதானா? எல்லாவற்றையும் எல்லா வயதுக்கும் கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். லக்கி லுக்கையும் சுட்டி லூசியையும் ஒரு பக்கத்திலும், டெக்ஸையும் மாடஸ்டியையும் வளர்ந்தவர்களுக்கென்று மறுபக்கத்திலும் வைக்கும் தேர்வை நூலகர் செய்யலாம். நாவல்களுக்கு அவர் செய்வதும் அதுதானே.

ஆகவே நான் கேட்பது இது. எதிர்வரும் ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமையையோ ஞாயிற்றுக்கிழமையையோ, கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ உங்களுக்கு வசதியான ஒரு நூலக மண்டபத்தில் தாருங்கள். மேடையும் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் வேண்டாம்; பிரதம விருந்தினர் கட்டாயம் வேண்டுமென்றால் அவரும் ஒரு புத்தகத்தோடு வந்து மாற்றிச் செல்லட்டும். மாற்றுவதற்கு நீண்ட மேசை ஒன்று, பிள்ளைகள் வரைவதற்கு வெள்ளைத் தாளும் பென்சிலும், வரையத் தெரிந்த ஒருவருக்குப் பயணச் செலவு, இவ்வளவுதான் சபையின் பொறுப்பு. புத்தகங்களை நாங்கள் கொண்டுவருவோம். உங்கள் சித்திரப் போட்டியில் ஒரு தனிப்படத்துக்குப் பரிசு கொடுக்கும் இடத்தில், நான்கு பக்கச் சித்திரக்கதைக்கும் ஒரு பிரிவு சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்றி பெற்றவற்றை நிழற்படப் பிரதி எடுத்து நூலகத்திலேயே வையுங்கள், அசலைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய பிரதிகளைச் செப்பனிடக் கற்றுக் கொடுக்கவும் ஆட்கள் உண்டு. செலோரேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் தாள் பழுத்துப் பிசுபிசுக்கும் என்பதையும் நூலால் தைத்தது நிலைக்கும் என்பதையும் கைப்பட அறிந்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. சிரித்திரன் இதழ்களை ‘நூலகம்’ என்ற பெயருள்ள ஆவணக நிறுவனம் எண்ணிம வடிவில் பேணி வருகிறது. அவற்றை ஒரு கணினித் திரையில் காட்டினால், தங்கள் பாட்டன்மார் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள்.

கடைசித் தாள் இல்லாத புத்தகங்களுக்கு ஒரு வாங்கைத் தனியாகப் போட மறக்க வேண்டாம்.

இதற்கு எனக்குத் தனியாகக் கடிதம் போடத் தேவையில்லை. சபையின் முடிவை நூலக அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள். காலையில் பத்திரிகை பார்க்க வருகிறவர்கள் மூலம் மத்தியானத்துக்குள் அது மல்லாவி வரை போய்விடும்.

இங்ஙனம்,
உங்கள் நூலகங்களின் அங்கத்தவரான ஒரு சித்திரக்கதை வாசகன்,
கிளிநொச்சி.